ஆரப்பாளையம் வரை போக வேண்டியதில்லை

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, அப்பத்தாக்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வழக்கமாக இந்தச் சமயத்தில் மார்க், வருகைப்பதிவு, பையன்களின் முடிவெட்டு பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை வேறு விஷயம், பிள்ளைகளின் மனசு பற்றி. திருப்பூரிலும் கேரளாவிலும் வேலையில் இருப்பவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். கொஞ்சம் நீளமான கடிதம்தான், ராத்திரி சாவகாசமாகப் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஊர்ப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் நோட்டுத் திருத்தும்போது பார்த்தால், பாதி வரியில் எழுத்து நின்றிருந்தது. 'நாகரி' என்று எழுதியிருந்தாள், 'கம்' வரவில்லை. அதற்கப்புறம் வெறும் பக்கம். நான் சிவப்பு மையில் 'எழுதி முடிக்கவும்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று 'எழுதி முடிக்கவும்'. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவளுடைய அம்மா அவளைக் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப்போனார். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். "என்ன சனமோ" என்று நான் ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் பிறகு ஒரு நாள் அந்த அம்மாவே எனக்குக் கணக்குச் சொன்னார்.

கோடாங்கி வீடு இரண்டு தெரு தள்ளி. வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்குப் போகலாம். தேங்காய், வெற்றிலை, கையில் இருப்பதைக் கொடுத்தால் போதும். "எப்ப இருந்து தாயி இப்படி இருக்க?" என்று உட்காரவைத்துக் கேட்கிறார். மதுரைப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவதென்றால்? அந்த அம்மா விடியலில் மல்லிகைப்பூ பறிக்கப் போகிறவர். அன்றைய கூலி போச்சு. உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அப்புறம் ஒரு டவுன் பஸ். ஒரு தடவை போயும் பார்த்தார்கள். பஸ் தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. நேரம் முடிந்திருந்தது. "அதுவும் போக, அந்த வார்டு எங்கேன்னு நாலு பேர்கிட்ட வாய்விட்டுக் கேக்கணுமே டீச்சர், பொம்பளப் பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு" என்றார்.

கடைசியில் வழி சொன்னது பள்ளிக்கூடமும் இல்லை, நானும் இல்லை. கூடப் பூப்பறிக்கிற ஒரு பெண்தான், தாலுகா ஆஸ்பத்திரிக்கே வாரத்தில் ஒரு நாள் மனநல டாக்டர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார். ஒரே பஸ். மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், வாரம்தோறும் பேசினார்கள். நோட்டில் எழுத்து நின்ற நாளிலிருந்து அதுவரை ஏழு மாதம் போயிருந்தது. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. மறுவருடம் எழுதினாள்.

ஆகவே, மனசுக்கு வைத்தியம் பார்க்க நம் ஜனங்களுக்கு வெட்கம், மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை. வெட்கம் உண்டு. ஆனால் அதில் பாதிக்கு மேல் தூரம்தான் என்று எனக்குப் படுகிறது.

நம் ஊரில் ஒருவரை ஒருவர் திட்டும்போது என்ன சொல்கிறோம்? 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்', 'ஏர்வாடி கேஸ்'. எல்லாம் ஊர்ப் பெயர்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாக, மனநோய் என்றால் எங்கோ தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்றே நமக்குப் பழகிவிட்டது. விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் பார்த்தோம். குணமாகும் என்று மனநோயாளிகளைக் கூட்டிப்போகிற அந்த ஊர்த் தர்காவை நான் குறை சொல்லவில்லை. அதைச் சுற்றி நடந்துவந்த தனியார் விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அதே தர்காவில் தொழுகையும் நடக்கிறது, அரசு மனநல மருத்துவரும் பார்க்கிறார். 'உசிலம்பட்டி தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்' என்று யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போகிற இடத்தை வைத்து எப்படித் திட்டுவது?

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து "உனக்கு எவ்வளவு, எனக்கு இருநூத்தி நாப்பது" என்று பேசிக்கொள்கிறோம். மனசு விஷயம் அந்தத் திண்ணைக்கு இன்னும் வரவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு ஏற்றபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே இல்லாமல் இருந்தது தெரிந்தது. நூறு பேரில் எட்டு முதல் முப்பது பேர் வரைதான் சிகிச்சை பெறுகிறார்கள் என்றால், மற்றவர்களையெல்லாம் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

தூரம் ஒரு தடை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 2017இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் அலையும்படி வைக்கக் கூடாது, இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறது. எனவே யாரும் நமக்கு உபகாரம் செய்யவில்லை. கேட்டு வாங்கலாம்.

சரி, பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. போன வருடம் நம் பள்ளியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு, 'மனம் விட்டுப் பேசலாம்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டோம். என் அறைக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில். ஒரு டெர்ம் முழுக்க ஒரு பிள்ளை வரவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை போல என்று ஒரு ஆசிரியர் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து, நாற்காலிகளை அங்கே மாற்றினோம். அட்டையைக் கழற்றிவிட்டோம். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வருகிறார்கள். சில பிள்ளைகளின் பாட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை காலியாகிறது.

ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பவர் சித்தப்பா மகளாக இருக்கலாம். அதனாலேயே மதுரைக்குப் போகிறவர்களும் உண்டு. தாராளமாகப் போங்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

இனி நாம் செய்யக்கூடியது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை அலுவலக ஜன்னலில் ஒட்டியிருக்கிறோம். நாள் மாறினால் தாளும் மாறும், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. அம்மாவோ அப்பத்தாவோ கூட்டிப்போனால் பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். (ஆரப்பாளையம் போகிற ரூட் பஸ்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை.) வீட்டில் ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு டீச்சர் கூட வருவார்.

போகவே முடியாத நாளில் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளையே கூடப் பேசலாம். போனைப் பிடுங்கி வைத்திருக்கிற வீடுகளில் இதற்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், கோபத்தில் சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே போன் செய்யுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களை எப்போதுமே பூட்டி வையுங்கள், சாவி பெரியவர்கள் இடுப்பில் இருக்கட்டும்.

எதைப் பார்த்து யோசிக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால், பிடித்த விளையாட்டை விட்டிருந்தால், திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வந்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால், ஒரு தடவை காட்டிவிடலாம். ஒன்றும் இல்லையென்றால் டாக்டரே சொல்லி அனுப்பிவிடுவார். மாத்திரை ஆரம்பித்தபின் பிள்ளை சிரிக்கிறாளே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கோயிலுக்குப் போங்கள், கயிறு கட்டுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. வைத்தியம் பாட்டுக்கு நடக்கட்டும்.

லீவ் லெட்டரில் 'உடம்புக்குச் சரியில்லை' என்று எழுதினால் போதும். அது பொய்யும் இல்லை. எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று வகுப்பாசிரியர் கேட்க மாட்டார். டி.சி.யில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் ஏறாது. நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தடையாகுமே என்று பெண் பிள்ளை வீட்டில் கேட்கிறீர்கள், கேட்கத்தான் செய்வீர்கள். நான் மேலே சொன்ன பிள்ளை போன தை மாதம் பத்திரிகை கொடுக்க வந்தாள். தன் கையாலேயே என் பெயரை எழுதியிருந்தாள். அதே அச்சடித்த கையெழுத்து.

காலாண்டு விடைத்தாள்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். அன்று மாலை நாலரை மணி வரை நான் அலுவலகத்தில் இருப்பேன். அந்தத் தண்ணீர்த் தொட்டி அறையும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்