இந்திய ரைடிங் கியர் தயாரிப்பாளர்களுக்கு: வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு பேண்ட் தையுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். பெங்களூரு, புணே, மும்பை, டெல்லி என்று எங்கிருந்து ரைடிங் பேண்ட், அதாவது பைக்கிலிருந்து விழுந்தால் காலைக் காக்கும் பேண்ட், தைத்து விற்றாலும் சரி, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் திருச்சியில் மெடிக்கல் ரெப். முசிறி, துறையூர், பெரம்பலூர், மணப்பாறை என்று சுற்றுவதெல்லாம் பைக்கில்தான். என்னைப் போல வேலைக்காக நாள் முழுக்க வண்டியில் இருப்பவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். ஃபைனான்ஸ் கலெக்‌ஷனுக்குப் போகிற பையன்கள், சாப்பாடு டெலிவரி செய்பவர்கள், ஒரகடத்திலும் ஓசூரிலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களில் ஹெல்மெட் போடுபவர்கள் நிறைய. ரைடிங் பேண்ட் போடுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழியை முழுக்க எங்கள் அலட்சியத்தின் மேல் போட்டுவிட முடியாது. கடையில் கிடைக்கும் பேண்ட்டில் பெரும்பாலானவை எங்கள் வெயிலுக்கும் வேலைக்கும் ஒத்துவருவதில்லை. எதைப் பார்த்து நம்பி வாங்குவது என்றும் நீங்கள் தெளிவாகச் சொல்வதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிர் பிழைத்து, காலோடு மல்லுக்கட்டுகிறவர்களின் கதை தனி. நான் அதிகம் பார்ப்பது அவர்களைத்தான், ஏனென்றால் என் லிஸ்ட்டில் ஆர்த்தோ டாக்டர்கள் நிறைய. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது டிரெஸ்ஸிங் அறையிலிருந்து வரும் அலறல் காதில் விழும். தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு வந்தவரின் தொடையில் ஏறியிருக்கும் மணலையும் ஜல்லித்தூளையும் சலைன் ஊற்றி, பிரஷ் வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். எடுக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும், தோல் மூடிய பிறகும் உள்ளே கருப்பாகவே தங்கிவிடும். வந்தவர் போட்டிருப்பது பெரும்பாலும் சாதாரண ஜீன்ஸ், இல்லையென்றால் ஆபீஸ் பேண்ட். ‘ஜீன்ஸ் தடிமனாகத்தானே இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு போகிறோம். ஓடும் வண்டியிலிருந்து விழுந்து ரோட்டில் உரசும்போது பருத்தி டெனிம் ஒரு நொடி தாங்கினாலே பெரிது.

நல்ல ரைடிங் பேண்ட் இதை மாற்றும். கால் எலும்பு முறிவதை எந்தப் பேண்ட்டும் முழுதாகத் தடுத்துவிடாது, அப்படி யாரும் நம்பவும் வேண்டாம். ஆனால் தோல் உரிவதையும், முட்டியும் இடுப்பும் நேராகத் தரையில் மோதுவதையும் அது கணிசமாகக் குறைக்கும். அதற்கு அது நல்ல பேண்ட்டாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பெரா பகுதியில் 2008-09இல் விபத்துக்குள்ளான பைக் ஓட்டிகளை ஆராய்ந்தபோது, அவர்கள் போட்டிருந்த ரைடிங் பேண்ட்டுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் கிழிந்தோ ஓட்டை விழுந்தோ கைவிட்டிருந்தது. காசு கொடுத்து, நம்பி வாங்கிப் போட்ட பேண்ட்டுகளுக்கே அந்தக் கதி.

அதனால்தான் லேபிளில் இருந்து தொடங்குகிறேன். உங்களில் பலருடைய இணையப் பக்கங்களில் பெரிய எழுத்தில் ‘சிஇ சான்று பெற்றது’ என்று, ஐரோப்பியப் பாதுகாப்புக் குறியைக் காட்டி, இருக்கிறது. உள்ளே போய்ப் படித்தால் சான்று பெற்றது முட்டிப் பக்கம் உள்ளே வைத்திருக்கும் ஆர்மர், அதாவது அடியைத் தாங்கும் பட்டை, மட்டும். பேண்ட்டின் துணிக்கும் தையலுக்கும் எந்தச் சான்றும் இல்லை. ஆர்மர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தையல் பிரிந்து துணி கிழிந்தால் அது இருந்த இடத்தில் நிற்காது. நடுரோட்டில் ஆர்மர் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம்.

ஐரோப்பாவில் முழு உடுப்பையும் சோதிக்கும் தரம் ஒன்று இருக்கிறது: இஎன் 17092. 2020இல் வந்தது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று பாதுகாப்பு கூடியதிலிருந்து குறைந்ததுவரை வகுப்புகள். பி வகுப்பில் சிராய்ப்புப் பாதுகாப்பு உண்டு, ஆர்மர் இருக்காது. சி வகுப்பு ஆர்மரை உடம்போடு பிடித்து வைக்கும் உள்ளுடுப்புக்கானது. சுழலும் இயந்திரத்தில் துணியைக் கட்டி, வேகம் ஏற்றி, கான்கிரீட் மேல் இறக்குவார்கள். அது உரசி உரசி நிற்கும்வரை ஓட்டை விழக் கூடாது. முட்டி, இடுப்பு மாதிரி முதலில் அடிபடும் இடங்களுக்கு ஏஏஏ வகுப்பில் அந்த வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்குச் சமம், ஏஏவில் 70, ஏவில் 45. துணி கிழியும் பலம், தையலின் பலம் இவற்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. இடுப்பு ஆர்மர் ஏஏஏவிலும் ஏஏவிலும் கட்டாயம், ஏ வகுப்பில் கட்டாயம் இல்லை. வாங்குகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பெரிய உதவி. பக்கவாட்டில் விழும்போது இடுப்பு எலும்பு தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ‘இடுப்பில் பாக்கெட் உண்டு, ஆர்மர் தனியாக வாங்கிக்கொள்ளவும்’ என்று சின்ன எழுத்தில் போட்டுப் பேண்ட் விற்பதை நிறுத்துங்கள். பாக்கெட் இருக்கிறது என்றால் ஆர்மரையும் வைத்துக் கொடுங்கள். தனியாக வாங்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வாங்க மாட்டார்கள்.

ஆர்மருக்கான தரம் இஎன் 1621-1. 50 ஜூல் சக்தியில் அடித்தால் மறுபக்கம் உடம்புக்குப் போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது என்பது லெவல் 1. லெவல் 2க்கு அது 20. ‘சிஇ ஆர்மர்’ என்று மட்டும் போட்டால் இதில் எது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்றும் கேட்கிறேன், இதை இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. இப்போது வரும் மெத்தென்ற ஆர்மரில் பல, சூட்டில் இளகும் வகை. அறை வெப்பத்தில் ஒரு மாதிரியும் கொதிக்கும் வெயிலில் வேறு மாதிரியும் அடியைத் தாங்கும். அதற்காகவே அந்தத் தரத்தில் 40 டிகிரியில் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. தேறினால் ஆர்மரில் ‘டி பிளஸ்’ என்ற குறி இருக்கும். ஆனால் அந்தச் சோதனை விருப்பம் இருந்தால் செய்வது, கட்டாயம் இல்லை. குளிர் நாட்டுக்கு அது விருப்பமாக இருக்கலாம். திருச்சிக்கும் வேலூருக்கும் விற்கிறவர்கள் அந்தக் குறி இல்லாத ஆர்மரைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. சித்திரையில் மருத்துவமனை வாசலில் நிறுத்திய வண்டியில் பேண்ட்டை மடித்து வைத்துவிட்டு வந்து எடுத்தால், முட்டி ஆர்மர் கையில் சுடுகிறது. நாங்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறோம்.

ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேண்ட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால் இப்போதைக்கு நீங்கள் சொல்வதுதான் எங்களுக்கு ஆதாரம். பேண்ட்டின் வகுப்பு என்ன, ஆர்மர் லெவல் என்ன, டி பிளஸ் உண்டா, இடுப்பில் ஆர்மர் உண்டா? இந்த நாலையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்றே போடுங்கள். அப்படிச் சொல்கிறவரை நான் கூடுதலாக நம்புவேன்.

சரி, பாதுகாப்பு இருக்கட்டும். போட முடிந்தால்தானே பாதுகாப்பு? பேச்சில் பலரும் வசதியை ஏதோ சொகுசு போல ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வியர்வையில் தொடை உரசிப் புண்ணானவர் மறுநாள் அந்தப் பேண்ட்டைத் தொட மாட்டார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018 முதல் மோட்டோகேப் என்ற பெயரில் ரைடிங் உடுப்புகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கின்றன. பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம், வெயிலில் எவ்வளவு வசதி என்பதற்குத் தனி நட்சத்திரம். முடிவு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியாகிறது. இங்கே கோவையில் ஜவுளி ஆராய்ச்சி செய்யும் சிட்ரா இருக்கிறது, சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. துணியையும் தோலையும் கரைத்துக் குடித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நீங்கள் நாலு பேர் கூடி அவர்களிடம் போய், நம் வெயிலுக்கு ஏற்ற ஒரு சோதனையை வகுத்துத் தரச் சொல்லிக் கேட்டால் என்ன?

காற்றோட்டம் என்று சொல்லி முழுப் பேண்ட்டையும் மெஷ் என்ற வலைத்துணியில் தைப்பதும் தீர்வு இல்லை. தொடையின் முன்பக்கம் மெஷ் வையுங்கள், காற்று அடிப்பது அங்கேதான். முட்டி, இடுப்பின் பக்கவாட்டு, உட்காரும் இடம், இந்த மூன்றிலும் தேய்மானம் தாங்கும் கெட்டித் துணி இருக்கட்டும். ‘600 டெனியர் பாலியெஸ்டர்’ என்று நூலின் தடிமனைப் போட்டுவிட்டால் பலம் ஆகிவிடாது. உராய்வுச் சூட்டில் பாலியெஸ்டர் உருகும், நல்ல நைலான் இன்னும் கொஞ்சம் தாங்கும், கெவ்லார் வகை இழையான அராமிட் உருகவே உருகாது. வலது காலின் உள்பக்கம் கீழே ஒரு தோல் துண்டு வைத்துத் தையுங்கள், அங்கேதான் சைலன்ஸர் குழாய் படும். தொடை இடுக்கில் நாலு தையலும் வந்து சேரும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அரை நாள் சீட்டில் உட்கார்ந்தவருக்கு அந்த முடிச்சு என்ன செய்யும் என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

முட்டி ஆர்மர் இருக்கும் இடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், கடையில் நடக்கும் பாதித் தவறு இங்கேதான். கண்ணாடி முன்னால் நின்று பார்க்கும்போது ஆர்மர் முட்டிக்கு நேராக, கச்சிதமாக இருக்கும். வண்டியில் உட்கார்ந்து காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தால் பேண்ட் மேலே இழுபடும், ஆர்மரும் கூடவே நகரும். காலைப் பிடிக்காத தொளதொளப் பேண்ட்டில் அது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், முட்டி வெறுமனே நிற்கும். கையால் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். திருகினால் சுற்றிக்கொண்டு போகிற ஆர்மர், விழும்போது நிச்சயம் போகும். இதற்கு வழிகள் உங்களுக்கே தெரியும். முட்டியை முன்கூட்டியே மடக்கின வெட்டு, முட்டிக்கு மேலும் முதுகுப்பக்க இடுப்பிலும் இழுபடும் துணி, ஆர்மரை ஏற்றி இறக்க உள்ளே நீளமான வெல்க்ரோ, கெண்டைக்காலில் இறுக்கும் பட்டி. உங்கள் விலை உயர்ந்த மாடல்களில் இதெல்லாம் வருகிறது. விலை குறைந்ததில் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், மொபைல் பாக்கெட்டை விடுங்கள், ஒளிரும் லோகோவை விடுங்கள், இதை விடாதீர்கள்.

மழை லைனர் பற்றி ஒரு வார்த்தை. பேண்ட்டுக்கு உள்ளே மாட்டும், தண்ணீர் புகாத லைனர் துணி எங்களுக்கு உதவாது. ஐப்பசியில் திடீரென்று மழை பிடித்தால் ரோட்டோரம் பேண்ட்டைக் கழற்றிவிட்டு லைனர் மாட்ட முடியுமா? அப்படியே மாட்டினாலும் வெளித்துணி ஊறிக் கனத்துவிடும். ஷூவைக் கழற்றாமல் மேலே இழுத்துக்கொள்ளும் மழைப் பேண்ட்டாகக் கொடுங்கள்.

எங்களுக்கு உண்மையில் தேவை ஓவர்பேண்ட். டாக்டரைப் பார்க்கும்போது அயர்ன் செய்த பேண்ட், டக்-இன் செய்த சட்டையோடு நிற்க வேண்டும். அதனால் அதன் மேல் போட்டு, ஊருக்கு வந்ததும் ஒரு நிமிடத்தில் கழற்றிப் பையில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பக்கவாட்டில் முழு ஜிப், அதன் மேல் உரசல் தாங்கும் மடிப்பு, உள்ளே வழுக்கும் மெல்லிய துணி, முட்டியிலும் இடுப்பிலும் லெவல் 2 ஆர்மர். குளிர் நாட்டில் அலுவலகம் போகிறவர்கள் இதைப் போடுகிறார்கள். நம் ஊரில் இதை வெயிலுக்கு ஏற்றபடி யாராவது ஒழுங்காகத் தைத்தால், எங்கள் கம்பெனி ஆட்களிடம் நானே ஊர் ஊராகச் சொல்லுவேன்.

பெண்களுக்கு நீங்கள் செய்வது இன்னும் குறைவு. என்னோடு வேலை பார்க்கும் பெண் ரெப்புகள் கடைக்குப் போனால், ஆண்கள் பேண்ட்டில் சின்ன சைஸை எடுத்து நீட்டுகிறார்கள். இடுப்புக்குச் சரியாக இருந்தால் தொடை பிடிக்கிறது, தொடைக்குப் பார்த்தால் வயிற்றில் தொங்குகிறது, ஆர்மர் முட்டிக்குக் கீழே போய் நிற்கிறது. ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களும் ரோட்டில்தான் விழுகிறார்கள். சுடிதார் மேலேயே போட்டுக்கொள்ளும்படி அகலமாக, பெண்கள் அளவெடுத்துத் தைத்த ஓவர்பேண்ட் வந்தால் அதற்கு இங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே புரியும்.

கடைசியாகக் கடை விஷயம். உங்கள் ஷோரூமில் ஒரு பைக்கையும் ஒரு ஸ்கூட்டரையும் நிறுத்தி வையுங்கள். வருகிறவர் பேண்ட்டைப் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்து, பத்து நிமிடம் இருந்து பார்க்கட்டும். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு இடுப்பளவு மட்டும் போதாது. உட்கார்ந்த நிலையில் இடுப்பிலிருந்து முட்டி வரை எவ்வளவு என்பதையும் அளவுப் பட்டியலில் சேருங்கள். வண்டியில் உட்கார்ந்து பார்த்துப் பொருந்தவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடைக்கு முன்னால் உங்களில் யாராவது இப்படி ஒரு மாதிரிப் பேண்ட் தைத்தால், அக்னி நட்சத்திரத்தில் துறையூர் ரோட்டில் போட்டு ஓட்டிப் பார்த்து, எங்கே வியர்க்கிறது, எங்கே உரசுகிறது, ஆர்மர் எங்கே நகர்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்ப நானும் என்னோடு வேலை பார்ப்பவர்களும் தயார்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மெடிக்கல் ரெப்