தொடாத படம் ஒன்று அனுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா அன்றைக்கே அதைப் பக்கத்து வீட்டு அத்தைக்கும் மாடி வீட்டு டீச்சருக்கும் காட்டிவிட்டாள். "முகம் தெளிஞ்சிருக்கு, கொஞ்சம் சதை போட்டிருக்கா" என்று ஒரே சந்தோஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால் "வேலை இருக்குப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். கூப்பிட மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் நீ டச்சப் பண்ணியிருக்கிற வேலை சுத்தம். டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாய், அதனால் நம் போட்டோக் கடைக் கம்ப்யூட்டரில் பெரிது பண்ணிப் பார்த்தேன். மூக்கின் மேல் தோல் துவாரம்கூட அழியவில்லை. இப்போது வருகிற பையன்கள் ஒரே இழுப்பில் மொத்த முகத்தையும் மெழுகு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். மூக்குத்தியின் விளிம்பும் புடவைச் சரிகையும் சேர்ந்து மழுங்கிப்போகும். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. பெங்களூரில் உனக்கு ஆல்பம் கொடுக்கிறவர்கள் உன்னை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உனக்குப் பின்னால் கதவு நிலை இருக்கிறதே, அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாய். மேலிருந்து நேராக வருகிற கோடு உன் இடது கன்னத்துக்கு நேரே ஒரு நூலளவு வெளியே வளைந்து, தாடைக்குக் கீழே மறுபடி நேராகிறது. போட்டோஷாப்பின் லிக்விஃபையில் கன்னத்தைத் தள்ளியிருக்கிறாய். தள்ளுவதற்கு முன்னால் பின்னணிக் கோடு நகராமல் இருக்க அதன் மேல் ஃப்ரீஸ் மாஸ்க் பூச வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? சரி, அது போகட்டும். கல்யாண ஆல்பத்தில் கன்னத்தை எல்லாரும் உள்ளேதான் தள்ளச் சொல்வார்கள். நீ வெளியே தள்ளியிருக்கிறாய். அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணுக்குக் கீழேயும் கருப்பை முழுசாக எடுத்துவிட்டாய். தனி லேயரில் செய்துவிட்டு ஒப்பாசிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கு, ஒரு ராத்திரி அப்படியே விடு, காலையில் சின்னதாக வைத்துப் பார். முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், எவ்வளவு அழித்தோம் என்று தெரியாது. கண்ணுக்கு அடியில் கொஞ்சம் நிழல் இருந்தால்தான் கண் முகத்தில் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மொத்தமாக எடுத்தாய்?

நெகட்டிவில் பென்சில் போட்ட காலத்தில் இந்த வசதி கிடையாது. எமல்ஷன் என்கிற மருந்து பூசிய பக்கத்தில், பென்சில் பிடிப்பதற்கு மீடியம் தடவி, சாய்ந்த மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய எச் பென்சிலால் கமா கமாவாகத் தொட வேண்டும். முகத்துச் சுருக்கம் நெகட்டிவில் வெளுப்பாகத்தான் தெரியும். அங்கே கரியைத் தொட்டால் பிரிண்டில் சுருக்கம் குறையும். ஒரு தடவை, மாலை போட்டு மாட்டுகிறதற்கு ஒரு பெரியவர் படம் கேட்டார்கள். புதுசாகக் கற்ற உற்சாகத்தில் நெற்றியில் ஒரு கோடு விடாமல் நிரப்பிவிட்டேன். அப்போது ஊட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்து' போட்டோ பேப்பரில் பளபளவென்று பிரிண்ட் போட்டு வைத்தேன். அவருடைய மகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா இல்ல" என்று மேஜையிலேயே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. அழுதார். அன்று ராத்திரி டர்பன்டைன் தொட்டு அத்தனை பென்சிலையும் துடைத்தேன். இருக்கிற கோட்டின் அழுத்தத்தைக் குறைக்கலாம், கோட்டையே எடுக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம்தான் நம் கடையில் அந்தக் கணக்கு வந்தது. ஒரு மாதத்தில் தானாகப் போகிறதை எடு, போகாததை விடு. பரு போய்விடும், எடுக்கலாம். மச்சம் போகாது, தழும்பு போகாது, விட்டுவிட வேண்டும். பத்து வயதில் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று நீயே வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்வாய்.

கண்ணுக்குக் கீழே இருந்த அந்தக் கருப்பு எந்தக் கணக்கில் வரும், பாப்பா? ஒரு மாதத்தில் போகிறதா, போகாததா?

முகத்தைத் தொட்டால் கழுத்தையும் கையையும் பார் என்று சொல்வேனே, அதையும் மறந்துவிட்டாய். டம்ளர் பிடித்திருக்கிற கையில் அம்மா போட்ட வளையல் முழங்கைப் பக்கம் ஏறிக் கிடக்கிறது. போன ஆடித்தபசுக்கு வந்தபோது அதைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினோம். மணிக்கட்டில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று நீ என்னிடம் சண்டை போட்டாய். அம்மா முகத்தைத்தான் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை.

கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளியையும் பார்த்தேன். ஜன்னல் முழுசாக இருக்கிறது. எதிரே நின்று யாரோ எடுத்த மாதிரி நிழல் ஒன்றும் இல்லை. டைமர் வைத்து எடுத்தாயா? மாப்பிள்ளை ஊரில் இல்லையா?

சரி, கேட்கவில்லை.

நார்வேயில் 2022-லிருந்து, விளம்பரப் படத்தில் உடம்பையோ தோலையோ மாற்றியிருந்தால் அதைச் சொல்லி முத்திரை போட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பெற்ற வீட்டுக்கு அனுப்புகிற படத்துக்கும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உன்மேல் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படுகிற தகுதி எனக்கு இல்லை. அதையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2014-ல் தரகரிடம் கொடுத்த உன் படம். நான் எடுத்தது, நானே தொட்டது. மேல் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தை எடுத்தேன். அது ஹீலிங் பிரஷ்ஷில் ஒரு தட்டு வேலை. அப்புறம் கர்வ்ஸைத் தூக்கி முகத்தை வெளுத்தேன். வெளுக்க வெளுக்க அது சாம்பல் பூத்தது. சிவப்பும் மஞ்சளும் ஏற்றி மறைத்தேன். கை கருப்பாகத் தெரிந்தது என்று கையை வெட்டி மார்பளவாக்கினேன். நாற்பது பேர் முகத்தில் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பியதை என் பெண் முகத்தில் செய்தேன். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

முதலில் பார்க்க வந்தவர்கள் வீட்டு அம்மாள், "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொன்னபோது நீ காபித் தட்டோடு நின்றிருந்தாய். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாய். குழாய் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் வந்தவர்களோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இந்த நாள் வரை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் பாப்பா. இருக்கிற முகத்தோடு வந்தால் போதாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இப்போது எனக்கே அப்படி ஒரு முகம் அனுப்பியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். பருப்புப்பொடி, எள்ளுருண்டை, அம்மா அரைத்த சத்துமாவு. சத்துமாவைக் காலையில் பாலில் காய்ச்சிக் குடி. தினமும் குடி. தனியாக இருந்தாலும் சமைத்துச் சாப்பிடு.

அப்புறம், நீ எடுத்ததில் தொடாத ஃபைல் கேமராவில் இருக்கும். அழித்துவிட்டால் புதுசாக ஒன்று எடு. லைட் எல்லாம் பார்க்க வேண்டாம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும். என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. அம்மாவிடம் நான் காட்ட மாட்டேன். பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்
அப்பா