பெண்களின் வெற்றிக் கதைகளில் விடுபட்டுப்போகும் பகுதி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளிவரும் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். அடியும் வசையும் நிறைந்த வீட்டிலிருந்து பிள்ளைகளோடு வெளியேறியவர்கள், போரில் கணவனை இழந்தும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள், வெளிநாட்டு வீட்டு வேலையில் பட்ட கொடுமைகளைத் தாண்டி ஊர் திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேரை அவை எங்களுக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. ஆயினும், ‘துணிந்து வெளியேறினார்’ என்ற வரிக்கும் ‘இன்று சொந்தக் காலில் நிற்கிறார்’ என்ற வரிக்கும் இடையில் நடந்தவை அக்கதைகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அன்றிரவு அவர் எங்கே தங்கினார், அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எப்படி எடுத்து வந்தார், எந்த நீதிமன்றத்தில் எதைக் கேட்டு மனுச் செய்தார், அதற்கான பணத்தை யார் கொடுத்தார்கள் என்பவையே அதே நிலையில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு வேண்டியவை.

கொழும்பு புதுக்கடையில், காணி உறுதிகளை எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுதுவினைஞராகப் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வடக்கைச் சேர்ந்து வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு பெண், பெற்றோர் தமக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணியை விற்பதற்காக எங்களிடம் வந்திருந்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த காணி உறுதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையொன்றில் வைத்து, அதை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். உறுதியில் அவருடைய பெயர் மட்டுமே இருந்தது. ஆனால் விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று நொத்தாரிசு கூறினார். கணவரோ வெளிநாடு சென்று, தொடர்பை அறுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘அவர் வரும்வரை பொறுத்திரு’ என்றே உறவினர்கள் சொல்லி வந்தார்களாம். மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்தைப் பெறலாம் என்பதை அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும், அதன் வழியில் 1911ஆம் ஆண்டு இயற்றப்பட்ட யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டமும் இன்றும் எங்கள் பெண்களின் காணிகளை ஆள்கின்றன. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனக்கே சொந்தமான காணியை மரண சாசனம் மூலம் தன் விருப்பப்படி எவருக்கும் விட்டுச்செல்லலாம். உயிரோடு இருக்கும்போது அதை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவரின் சம்மதம் வேண்டும். கணவர் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. பால் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பினுடைய 12ஆம் உறுப்புரை கூறினாலும், முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று 16ஆம் உறுப்புரை அவற்றைக் காப்பாற்றிவிடுகிறது. இது மாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மாறும்வரையாவது, கணவர் கைவிட்டுச் சென்றாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ நீதிமன்றத்தை நாடும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் நீதிமன்ற அனுமதி பெற்றுக் காணியை விற்று, அந்தப் பணத்தில் இடியப்பமும் மதியச் சாப்பாட்டுப் பொதிகளும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் அவருடைய கதை ஒரு சஞ்சிகையில் வந்தபோது, அதிகாலையில் எழுந்து மாக் குழைக்கும் உழைப்பைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நீதிமன்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவருடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் விடுதலை பெற்றது, தன் சொத்தில் தனக்குள்ள உரிமையைக் கேட்டு மன்றில் நின்ற அந்த நாளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டு வன்முறை பற்றிய கதைகளும் இவ்வாறே அரைகுறையாக நின்றுவிடுகின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் தாமாகவே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது 12 மாதங்கள் வரை வழங்கப்படலாம். அடித்தவர், இருவரும் வாழ்ந்த வீட்டுக்குள் நுழைவதையே மன்று தடை செய்யலாம். வெளியேற வேண்டியவர் எப்போதும் பெண்தான் என்பதில்லை. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் அத்தகைய கதையின் கீழே ஒரு வரியில் அச்சிட்டால் போதுமே.

பத்திரிகைக்கு இந்தப் பணி புதிதன்று. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்றே இதழ் நடத்தினார். பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த மறு ஆண்டே, 1932இல், நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அக்காலச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடல்கள் மூலம் உரிமைகளை எடுத்துரைத்தார். பெண்கள் அறிய வேண்டியதை அவர்கள் அறியும் மொழியில் சொன்னவர்கள் இவர்கள்.

ஆகவே, இனி வெளியிடும் கதைகளில் அந்தப் பெண் நாடிய அலுவலகம், பயன்படுத்திய சட்டம், பிடித்த காலம், ஆன செலவு ஆகியவற்றையும் கேட்டு எழுதுமாறும், சட்டம் தொடர்பான பகுதிகளை அச்சேற்றும் முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்குமாறும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெயரும் படமும் ஊரும் இல்லாமல் கதை சொல்ல விரும்புகிறவர்களுக்கு அந்த உரிமை வழங்கப்பட வேண்டும். எங்கள் சமூகத்தில் ஊர்ப் பெயரும் பிள்ளை படிக்கும் பாடசாலையும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வாறு பெயரின்றித் தம் அனுபவத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த சில பெண்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். தாங்கள் இசைந்தால் அவர்களைத் தங்கள் செய்தியாளருடன் தொடர்புபடுத்தி வைக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.