அம்மாவுக்கு, கனடா வின்னிபெக்ல இருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கியாம்மா, அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா. இங்க ஏப்ரல் முடியப்போகுது, இன்னும் ரோட்டோரம் பனி கிடக்கு. ஸ்கூல்ல அப்படி என்னதான் வேலைன்னு போன்ல கேட்டியே, டீச்சருக்கு ஒத்தாசையா இருக்கிற வேலைதான், ஆனா இப்ப பாதி நேரம் தக்காளிதான்!

ஸ்கூல் தெக்குச் செவத்த ஒட்டி ஒரு கிரீன்ஹவுஸ் இருக்கும்மா. இந்த ஊர்ல மே கடைசி வரைக்கும் வெளியில நாத்து நட பயம், ராத்திரி உறைபனி விழுந்தா மொத்தமும் கருகிடும், அதுக்கப்புறம் நட்டா பழுக்க ஜூலை ஆகஸ்ட் ஆயிடும், ஆனா ஜூன் கடைசியோட லீவு விட்ருவாங்க, வளத்த பிள்ளைக ஒரு பழம் கூட பாக்காம போயிடும். அதான் ஜனவரியிலயே குழித்தட்டுல விதை போட்டோம். வெளியில மைனஸ் 30, உள்ள ஹீட்டர். அப்ப பகல் வெளிச்சமே 8 மணி நேரம் சொச்சந்தான், அதனால லைட்டையும் சேத்து 16 மணி நேரம் கணக்கு.

அப்புறம் பூ.. உள்ள காத்தும் இல்ல வண்டும் இல்ல. நம்ம காட்டுல காத்து ஆட்டுறதுலயே மகரந்தம் உதிர்ந்து காய் புடிச்சிரும், இங்க பிள்ளைக பேட்டரி டூத்பிரஷ வச்சு பூக்கொத்துக் காம்ப லேசா தொடுவாங்க, அந்த அதிர்வுல பொடி உதிரும். பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த ஒரு பையன், கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டான், எந்தக் கொத்துக்கு ஆச்சு எதுக்கு ஆகலன்னு நூல் கட்டி அடையாளம் வச்சு இப்ப மத்ததுகளுக்கு அவன்தான் சொல்லித் தர்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்மா.

பக்கக் கிளை கிள்ளுறது, கயிறு கட்டி ஏத்துறது எல்லாம் உன்னப் பாத்து தெரிஞ்சதுதான், அதையேதான் சொல்லிக்குடுத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல வெல விழுந்து நாம பெட்டி பெட்டியா கொட்டிட்டு வந்தத சொன்னா நம்பவே மாட்டேங்குதுக. பறிகூலி, வண்டி வாடகை கூட தேறாதுன்னு வெளக்கினப்புறம் ஒரு பொண்ணு, அப்ப உங்கம்மா மறுபடி ஏன் நட்டாங்கன்னு கேக்குது. நீயே சொல்லும்மா.

இப்ப எலைக்கு அடியில வெள்ளை ஈ வந்திருக்கு. பிள்ளைக பொழங்குற எடம், மருந்து அடிக்க முடியாது, ஈ வந்து ஒட்டிக்கிற மஞ்ச அட்டை தொங்க விட்டிருக்கோம். நீ வரப்போரம் செண்டுமல்லி போடுவியே, அது வெள்ளை ஈக்கும் கேக்குமா, இல்ல காய்ப்புழுவுக்கு மட்டுந்தானா? ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், அப்பாகிட்டயும் கேட்டு வை.

உன் மக