டெல்கோவ திருப்பறதுக்கு முன்னாடி பாயிண்ட்ட பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

பழைய கார் சூடாகுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுன்னு சொன்னா இப்ப எல்லாருமே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மேலதான் பழி போடறாங்க. கார்புரேட்டர் வண்டில அதனால மிக்ஸ்சர் கொஞ்சம் லீனாகும் (காத்து அதிகமாகி பெட்ரோல் குறையும்), பழைய ரப்பர் ஹோசெல்லாம் கெடும், அது உண்மைதான், ஆனா முதல்ல பாக்க வேண்டிய இக்னிஷன் டைமிங்க, அதாவது பிளக்குல ஸ்பார்க் வர்ற நேரத்த, யாரும் பாக்கறதே இல்லைங்க.

எங்கப்பா வாங்குன அம்பாசடர் மார்க் 4 இன்னும் எங்க வீட்ல ஓடுது, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். போன மே மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறறப்ப பர்லியார் தாண்டறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிச்சிருச்சு. ஒரு பட்டறைல ரேடியேட்டர கழட்டி அடைப்பெடுத்தாங்க, தெர்மோஸ்டாட்ட புடுங்கிப் போட்டாங்க, கார்புரேட்டர் ஜெட்டையும் மாத்துனாங்க, பணம் போனதுதான் மிச்சம். கடைசில நானே டெல்கோ (பிளக்குகளுக்கு ஸ்பார்க்க பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்) மூடிய கழட்டி, பில்லர் கேஜ்ங்கற அளவுத் தகட வச்சுப் பாத்தா, 15 தௌ (ஒரு இஞ்சுல ஆயிரத்துல 15 பங்கு) இருக்க வேண்டிய சி.பி. பாயிண்ட் (காயிலுக்குப் போற கரண்ட்ட விட்டு விட்டு நிறுத்தற சுவிட்ச்) கேப் அதுல பாதிகூட இல்ல.

பாயிண்ட்டோட ஃபைபர் ஹீல், பாயிண்ட்ட தள்ளித் திறக்கற சுத்தற கேம் மேல உரசி உரசித் தேயும், தேஞ்சா கேப் குறையும், கேப் குறைஞ்சா பாயிண்ட் லேட்டாத்தான் திறக்கும், பாயிண்ட் திறக்கறப்பதானே காயில்ல இருந்து ஸ்பார்க் வருது, அதனால டெல்கோவ யாரும் தொடாமயே டைமிங் ரிடார்ட் ஆயிருக்கும், அதாவது ஸ்பார்க் லேட்டாகியிருக்கும். லேட்டா எரியற பெட்ரோல் பிஸ்டன முழுசா தள்ளாம சூடாவே எக்ஸாஸ்ட்டுக்குப் போயிருது, ஹெட்டு கொதிக்குது. 3000 ஆர்பிஎம்ல ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துக்குள்ள கிராங்க் 18 டிகிரி சுத்திரும், அப்ப அஞ்சாறு டிகிரி பிசகுனா என்னாகும்னு பாருங்க.

என் கவலையெல்லாம் காதால டைமிங் வைக்கறதுதான். டெல்கோ கிளாம்ப லூஸ் பண்ணி, வண்டி நிக்கறப்ப ஸ்லோல டெல்கோவ திருப்பிப் பாத்து, இன்ஜின் எங்க வேகமா ஓடுதோ அங்கயே டைட் பண்ணிடறாங்க. ஸ்லோல எவ்வளவு அட்வான்ஸ் குடுத்தாலும் (ஸ்பார்க்க முன்னாடியே வர வச்சாலும்) இன்ஜின் வாங்கிக்கும், நாலு பேர ஏத்திட்டு மேட்டுல போறப்பதான் தட்ட ஆரம்பிக்கும், அத கவனிக்காம ஓட்டுனா பிஸ்டனே போயிரும்.

முறையா வைக்கறது பெரிய வேலையும் இல்லைங்க. பாயிண்ட் கேப்ப முதல்ல சரி பண்ணிக்கணும், டைமிங் வச்சுட்டு அப்பறம் கேப்ப தொட்டா வச்சதெல்லாம் வீண். ஒண்ணாம் நம்பர் பிளக்க கழட்டி ஓட்டைய விரலால மூடிக்கிட்டு, டாப் கியர்ல போட்டு வண்டிய மெதுவா தள்ளுனா, காத்து விரல தள்றப்ப அது கம்ப்ரஷன். இன்ஜின் முன்னாடி கிராங்க் புல்லில இருக்கற வெட்ட, வண்டி புக்ல போட்டிருக்கற டிகிரிய காட்டற முள்ளுக்கு நேரா கொண்டுவந்துட்டு, ஒரு 12 வோல்ட் பல்ப டெல்கோ டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டி இக்னிஷன ஆன் பண்ணி டெல்கோவ திருப்பணும். அம்பாசடர்ல டெல்கோக்குள்ள இருக்கற ரோட்டர் இடப்பக்கமா (கடிகார முள்ளுக்கு எதிரா) சுத்தும், அதனால டெல்கோவ வலப்பக்கமா மெல்ல திருப்பி, பல்பு எரிய ஆரம்பிக்கற அந்த இடத்துல டைட் பண்ணணும். டைமிங் லைட் (ஸ்பார்க் வர்றப்ப மின்னற விளக்கு) இருந்தா, டெல்கோக்கு வர்ற வேக்குவம் பைப்ப கழட்டி அடைச்சுட்டு ஸ்லோல வச்சு இன்னொரு தடவை பாத்துரலாம். அந்த பைப்ப வாயால உறிஞ்சிப் பாக்கவும் மறக்காதீங்க, உள்ள பாயிண்ட் உக்காந்திருக்கற பிளேட் அசையலேன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. கார்புரேட்டர் இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

எங்க வண்டி இப்ப அதே பெட்ரோல்ல, நிறுத்தாம குன்னூர் ஏறுது. உங்க பேப்பர்ல இத ஒரு படத்தோட போட்டீங்கன்னா நல்லாருக்கும், புல்லி வெட்டு கிரீஸும் மண்ணும் அப்பி மறைஞ்சு கிடக்கும், அது எங்க இருக்குன்னே நிறைய பேருக்குத் தெரியலைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்