பல்லைக் கழற்றிவிட்டுப் படித்துப் பார்

அன்பு மகளுக்கு,

சின்னவள் அந்த ரத்தக்காட்டேரிக் காதல் கதை 'ட்வைலைட்' படிக்க ஆரம்பித்துவிட்டாள், பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்கிறாள், மாப்பிள்ளை பிடுங்கிப் பரண் மேல் போட்டுவிட்டார், நான் என்னம்மா செய்யட்டும் என்று எழுதியிருந்தாய். முதலில் புத்தகத்தை இறக்கி அவள் கையில் கொடு. பதிமூன்று வயதுப் பிள்ளை பாதியில் விட்ட கதையை எப்படியாவது முடித்துவிடும், போனில் படிப்பாள், இல்லாவிட்டால் தோழியிடம் வாங்கிப் படிப்பாள். ஒரே வித்தியாசம், அதைப் பற்றி உங்கள் இருவரிடமும் வாயைத் திறக்க மாட்டாள்.

எனக்கு அந்த நாலு புத்தகமும் தெரியும் கண்ணு. நீ காலேஜில் இருந்தபோது நடைபாதைக் கடையில் வாங்கி வந்தாயே, தாள் தாளாகக் கழன்று வந்த திருட்டுப் பதிப்பு, அதைத்தான் நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு அது அழகில்லைதான், ஆனால் எங்கள் கிளை நூலகத்தில் அதெல்லாம் எங்கே வந்தது?

அந்த ரத்தக்காட்டேரிப் பையன் எட்வர்ட் சரியில்லை என்று அவளிடம் பேச்சை ஆரம்பிக்காதே. அவளுக்கு அதில் என்ன பிடித்திருக்கிறது என்று முதலில் பார். கதாநாயகி பெல்லாவுக்கு 17 வயது, அப்பாவும் அம்மாவும் பிரிந்தவர்கள், வெயில் காயும் ஃபீனிக்ஸை விட்டு வாஷிங்டன் மாநிலத்தில் எந்நேரமும் மழை பிடித்துக்கொண்டிருக்கிற ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு அப்பாவோடு இருக்க வருகிறாள். தன்னை அழகி என்று நினைக்காதவள், சமதரையில் நடந்தாலே தடுக்கி விழுகிறவள். பள்ளியில் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத அந்த எட்வர்ட் இவளை மட்டும் பார்க்கிறான். அவனால் எல்லார் மனதையும் படிக்க முடியும், இவள் மனதை மட்டும் முடியாது. இதை எழுதிய ஸ்டெஃபனி மேயர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை அதுதான் என்பேன். அம்மா, டீச்சர், தோழிகள் என்று ஆளாளுக்கு 'உன்னைப் பற்றித் தெரியாதா' என்று சொல்கிற வயதில், நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், பதில் சொல்லாவிட்டால் தவித்துப் போகிறான். எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

இன்னொன்றும் இருக்கிறது. ஆசைப்படுவது அவள், வேண்டாம் என்று விலகுகிறவன் அவன். முத்தம் கொடுக்கும்போதே பல் பட்டுவிடுமோ என்று பயப்படுகிறான், கல்யாணம் ஆகட்டும் என்று நாலாம் புத்தகம் வரைக்கும் இழுக்கிறான். நம் சினிமாவில் நாம் பார்த்துப் பழகியதற்கு நேர் எதிர். அந்த வயதுப் பெண் தன் ஆசையை யாருக்கும் தெரியாமல், அடி எதுவும் படாமல் நினைத்துப் பார்க்க அதில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் போய் நீங்கள் பிடுங்க வேண்டாம் என்கிறேன்.

சரி, அப்படியானால் அதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது ரத்தத்திலும் பல்லிலும் இல்லை. அவள் முதலில் நாலையும் முடிக்கட்டும். அப்புறம் ஒருநாள் சமைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேள்: இதே வேலையைப் பல் இல்லாத ஒருவன், உன் வகுப்பில் படிக்கிற ஒரு பையன், செய்தால் எப்படியடி இருக்கும்?

ராத்திரியில் எட்வர்ட் பெல்லாவின் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் இல்லை, பல நாள், அவளுக்குத் தெரியாமலே. தெரிந்ததும் பெல்லா கவலைப்படுவது எதற்குத் தெரியுமா, தூக்கத்தில் நான் என்ன உளறினேனோ என்று! அவன் 1901-ல் பிறந்தவன், 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன், அதாவது நூறு வயதைத் தாண்டியவன். முகம் 17-இலேயே நின்றுவிட்டதால் நமக்கு உறைக்கவில்லை. தலை நரைத்த ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல், போதும்.

இரண்டாம் புத்தகத்தில் உன் நல்லதுக்குத்தான் போகிறேன் என்று அவளை விட்டுப் போய்விடுகிறான். அதற்கப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்கள் வரும், ஞாபகம் இருக்கிறதா? எழுத்தாகப் பார்த்தால் அருமையான உத்தி, நானே ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் அந்த நாலு மாதத்துக்குப் பிறகு அவள் செய்வதெல்லாம், ஆபத்தில் மாட்டினால் அவன் குரல் காதில் கேட்கிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளில் பறப்பதும், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பதும்தான். இதை மட்டும் சாதாரணமாகக் கேட்டுவிட்டு நகராதே. சின்னவள் என்ன சொல்கிறாள் என்று நன்றாகக் காது கொடுத்துக் கேள்.

மூன்றாம் புத்தகம்தான் எனக்கு ரத்தம் கொதித்த புத்தகம். பெல்லா, ஓநாயாக மாறுகிற தன் தோழன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று எட்வர்ட் அவளுடைய வண்டி ஓடாதபடி இன்ஜினில் கைவைத்துவிடுகிறான். தான் ஊரில் இல்லாத நாட்களில் அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தங்கை ஆலிஸுக்கு லஞ்சம் ஒரு மஞ்சள் போர்ஷே கார். காதல் என்ற பெயரை எடுத்துவிட்டால் இதற்கு நம் தெருவில் என்ன பெயர் வைப்பார்கள் என்று உனக்கே தெரியும். அவன் பிற்பாடு மனம் மாறி, தானே அவளைக் கொண்டுபோய் விடுகிறான், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜேக்கப் மட்டும் என்ன, அவளுக்கு இஷ்டமில்லாமல் முத்தம் கொடுக்கிறான், அவள் ஓங்கிக் குத்துகிறாள், அடிபட்டது அவள் கைதான். வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் அவளைப் பெற்ற அப்பா, அதுவும் அந்த ஊர் போலீஸ் தலைவர், ஜேக்கப்பைப் பார்த்து சபாஷ் என்கிற தோரணையில் பேசுகிறார். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துக் காட்டு.

நாலாவதில் அதே ஜேக்கப் பெல்லாவுக்கு அன்றைக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பார்த்ததும் ஆயுசுக்கும் இவள்தான் என்று மனம் பதிந்து போகிறான். விளக்கம் எல்லாம் கொடுக்கிறார்கள், அண்ணன் மாதிரி, தோழன் மாதிரி, அப்புறம்தான் மற்றது என்று. எனக்கு அந்த விளக்கம் இறங்கவே இல்லை.

பெல்லாவை எப்போதும் யாராவது காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று பலரும் சொன்னதற்கு, பெண் என்பதால் அல்ல, அத்தனை அமானுஷ்யர்களுக்கு நடுவில் சாதாரண மனுஷியாக இருப்பதால் என்று மேயர் பதில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் 2015-ல் அதே கதையை ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி எழுதிவிட்டார். பதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். காப்பாற்றுவது ஒரு விஷயம், அவளுக்காக எல்லாவற்றையும் அவனே முடிவு செய்வது வேறு.

இதே மாதிரிக் காதலை அதற்கு முன்பே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். 1997-ல் ஆரம்பித்த 'பஃபி' டி.வி. தொடரைச் சின்னவளோடு உட்கார்ந்து பார். அதிலும் பள்ளிக்கூடத்துப் பெண், அதிலும் இருநூறு வயதைத் தாண்டிய ரத்தக்காட்டேரிக் காதலன், பெயர் ஏஞ்சல். ஆனால் காட்டேரிகளை வேட்டையாடுவதே அந்தப் பெண்ணின் வேலை. அவள் 17-வது பிறந்தநாள் இரவில் இருவரும் சேர்கிறார்கள், விடிந்தால் அவன் வேறு ஆள். ஏஞ்சலுக்குச் சாபம் அப்படி, முழுச் சந்தோஷம் கிடைத்தால் ஆன்மா போய்விடும். ராத்திரி நடந்ததை நக்கலடித்துப் பேசிவிட்டுக் கிளம்புகிறான் பாவி. பேய்க்கதை வேஷத்தில் எத்தனையோ பெண்களுக்கு நிஜமாக நடந்ததை அப்படியே காட்டிவிட்டார்கள். அந்த ஆண்டுக் கதையின் முடிவில் அவனுக்கு ஆன்மா திரும்பி வந்த பிறகும், உலகம் அழியாமல் இருக்க அவளே அவனைக் கத்தியால் குத்தி நரகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டே செய்கிறாள். காதல் அதில் குறைந்துவிட்டதா என்ன? சின்னவள் பிழியப் பிழிய அழுவாள், பார்த்துக்கொண்டே இரு.

சொல்ல மறந்துவிட்டேனே, ஜேக்கப்பின் ஆட்களான குவில்யூட் என்ற அமெரிக்கப் பழங்குடி இனம் கற்பனை இல்லை. ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் என்ற கடற்கரை ஊரில் நிஜமாகவே இருக்கிறார்கள், ஓநாய்களிலிருந்து தாங்கள் வந்ததாக அவர்களுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. ரத்தக்காட்டேரியோடு சண்டை போடுகிற கதையெல்லாம் மேயர் சேர்த்தது. சுனாமி வந்தால் தப்பிக்க மேட்டு நிலம் வேண்டும் என்று அவர்கள் போராடினார்கள், 2012-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டுத் தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. எட்வர்ட் படத்தைச் சுவரில் ஒட்டுகிற பிள்ளை இதையும் தேடிப் படிக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், பரணில் போடுவதற்கு முன்னால் முதல் புத்தகத்தையாவது அவர் படித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சின்னவளைப் போனில் பேசச் சொல். எட்வர்டா ஜேக்கப்பா என்று என்னிடம் கேட்பாள், எனக்கு இரண்டு பேரும் வேண்டாம், ஆலிஸ் போதும், காருக்கு விலை போனவளாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா