கொட்டானுக்கு முன்பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்க் கைத்தொழிலுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று உங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் பனையோலையில் முடையும் கொட்டான் என்னும் சிறு பெட்டித் தொழிலுக்கும் அது பொருந்தும். எப்படிக் கொடுப்பது என்பதை நான் ஒரு கூடைக்காரப் பெண்மணியிடம்தான் கற்றேன்.

கீழக்கரையில் சபராளி, அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர், இல்லாத தெரு கிடையாது. எங்கள் தெருவில் எல்லோரும் வளைகுடாவுக்குப் போக, என் வீட்டுக்காரருக்கு மட்டும் கென்யாவின் நைரோபியில் வேலை அமைந்தது. கணவர் விசாவில் போனவளுக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், என்னைப் போல் வந்த பல நாட்டுப் பெண்கள் தர்மத்துக்காக நடத்தும் கைவினைச் சந்தைகளுக்குப் போவேன். 1975இல் இரண்டு பெண்களோடு தொடங்கிய கசூரி பட்டறையின் களிமண் மணிமாலைகளை அங்கேதான் முதலில் பார்த்தேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் கையால் உருட்டிச் சுட்ட மணிகள் அவை.

ஆனால் மனத்தில் நின்றது கியோண்டோ கூடை. மச்சாக்கோஸ் பக்கத்துக் கம்பா இனப் பெண்கள் கற்றாழை நாரைத் திரித்து முடைவது. என் உம்மம்மா (அம்மாவின் அம்மா) ஓலைப்பெட்டி முடைந்த கைகளே கண்முன் வந்தன. பாவமாக இருந்தது, கேட்ட விலைக்கு மேலே பணத்தைத் திணித்தேன். கூடை விற்ற அம்மா மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த மாதம் எத்தனை வேண்டும்?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் அள்ளிக்கொண்டு போவார்களாம்; அப்புறம் பல மாதம் ஆளே வராதாம். சதக்கா என்னும் தர்மம் வேறு, கூலி வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பின் மாதம் பத்துக் கூடை என்று சொல்லிவைத்து, தோழிகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்பினால் இங்கும் அதே நிலைமை. ஏர்வாடி, திருப்புல்லாணிப் பக்கம் விடுமுறைக்கு வந்தவர்கள் காரை நிறுத்தி, முப்பது ரூபாய்க் கொட்டானை இருபதுக்குக் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐந்நூறு கொட்டான் கேட்கிறோம். முடியாது என்றால் பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிடுகிறோம். பனையேறிகள் குறைந்துவிட்டதால் ஓலை வெட்டவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. குருத்தோலையை அளவோடு எடுக்காவிட்டால் மரம் நலிந்துபோகும். வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயத்தில் காய்ச்சி, மறுபடி காயவைத்த பிறகுதான் முடைச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை எங்கே காயும்?

ஆடி, ஆவணியிலேயே எண்ணிக்கை சொல்லி, பாதிப் பணத்தைக் கையில் கொடுங்கள். பேரம் வேண்டாம். முடைச்சல் தளர்ந்திருந்தால் அதை நேரில் சொல்லுங்கள். அதுவும் அவர்கள் தொழிலுக்குச் செய்யும் மரியாதைதான். வெளிநாட்டுத் தோழிகளுக்குப் பரிசு கொண்டுபோகும் சகோதரிகளே, பவளப்பாறைத் துண்டு எதையும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மன்னார் வளைகுடா மீனுக்கு அந்தப் பாறைதான் வீடு.

வரும் தை மாதம் என் மகளுக்கு நிக்காஹ். தொதல் என்னும் எங்கள் ஊர் இனிப்பை வைத்துக் கொடுக்க நானூறு கொட்டானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மழை பிடிப்பதற்குள் ஓலை காய வேண்டுமே என்று நேற்றே சாயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை.